மதினியின் இங்கிலீஷ்

"மதினி, பேப்பரச் சுத்தாதீங்க. அந்தம்மா திரும்பி வரமாட்டாங்க."

கொடைக்கானலில் எங்கள் கடைக்குள் நின்றுகொண்டு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு இது. ஒரு வெள்ளைக்காரப் பெண் பேரிக்காயையும் தேன் பாட்டிலையும் வெகுநேரம் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஐ வில் திங்க் அபௌட் இட்" என்று சிரித்தபடி சொல்லிவிட்டு அப்போதுதான் படியிறங்கியிருந்தாள். எட்டாவது வரை படித்த என் வீட்டுக்காரர், "யோசிச்சுட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போறாங்க" என்று எனக்குத் தமிழில் சொன்னார். அதை நம்பி நான் பழங்களைப் பொட்டலம் கட்ட ஆரம்பித்திருந்தேன்.

"யோசிக்கிறதாவது, வாரதாவது! அது வாசலப் பாத்து நடந்துக்கிட்டே சொல்லுற வார்த்தைங்க. அதச் சொல்லிட்டுப் போனவங்க வந்து நான் கண்டதில்ல" என்றாள். யாரும் சொல்லாமலே உருளைக்கிழங்கு மூட்டையின் மேல் உட்கார்ந்தும்விட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. முன்பின் தெரியாதவளுக்கு இவ்வளவு வாயா என்று நினைத்தேன். வீம்புக்குப் பொட்டலத்தைக் கட்டிமுடித்து, விளக்கேற்றும் வரை கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். அந்தப் பெண் வரவே இல்லை. மறுநாள் இவள் வந்து கூடையில் பழங்கள் திரும்பக் கிடப்பதைப் பார்த்தாள். சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு நாலு வார்த்தை திட்டியிருந்தாலும் தேவலை.

என்னைவிட அவளுக்கு இரண்டொரு வயது கூடவோ குறையவோ இருக்கும். முதல் நாளே என்னை மதினி என்றாள், நானும் அவளை மதினி என்றேன். அதற்குப் பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் பெயர் தேவைப்படவில்லை.

நான் பழனி அடிவாரத்தில் பிறந்தவள். அப்பாவுக்கு அங்கே தேங்காய் பழக் கடை. மலையேற வருகிற கூட்டத்தின் சத்தத்தில் வளர்ந்தேன். அங்கே வேண்டுமென்றால் வேண்டும் என்பார்கள், விலை கட்டாவிட்டால் வைதுவிட்டுப் போவார்கள். கலியாணமாகி இந்த மலையில் கடை வைக்க வந்த பிறகுதான், வேண்டாம் என்பதைக்கூடச் சிரித்துக்கொண்டே சொல்லுகிற மனிதர்களைப் பார்த்தேன். வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகச் சீமைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த காலம் அது. இருந்தாலும் ஏரியைச் சுற்றி இன்னும் கொஞ்சம் குடும்பங்கள் மிச்சமிருந்தன.

அவள் வேலை பார்த்ததும் அப்படி ஒரு வீட்டில்தான். ஏரிக்கு மேற்கே, மேட்டில் ஒரு பங்களா. வயதான துரையும் துரைசாணியும் மட்டும் இருந்தார்கள். சமையல், மேசை, துணிமணி எல்லாம் இவள் பொறுப்பு. சொந்த ஊர், மலையில் கொஞ்சம் கீழே இருக்கிற பேத்துப்பாறை. பங்களாவுக்குப் பின்னால் அவுட்ஹவுஸ் என்று சொல்லப்பட்ட ஓட்டுச் சாய்ப்பில் புருஷனோடும் மகளோடும் குடியிருந்தாள். புருஷன் அங்கே தோட்டக்காரர், இழுப்பு நோய்க்காரர். சரிவில் நின்று கூலிக்கு மண் வெட்ட அவரால் ஆகாது. பங்களாத் தோட்டத்தில் நின்று மூச்சு வாங்கி, பிறகு கொத்தி, மறுபடி நின்று என்று காலத்தை ஓட்டினார். சாய்ப்பைச் சுற்றி அவரைக் கொடியும் பூண்டுப் பாத்தியும் போட்டிருந்தார்கள். அதில் விளைந்தது அவர்களுக்கு.

இங்கிலீஷில் ஒரு எழுத்து தெரியாது அவளுக்கு. தமிழிலும் தெரியாது. ஆனால் அந்த மலையில் அவளைப்போல இங்கிலீஷ் தெரிந்தவர்கள் இல்லை என்று அவளே எல்லாரிடமும் சொல்லிக்கொள்வாள். அடக்கம் என்பதெல்லாம் அவளிடம் கிடையாது. என் வீட்டுக்காரரை முகத்துக்கு நேரே கேலி செய்வாள்.

"அண்ணே பொஸ்தகத்துல அர்த்தம் பாக்குறாரு. வார்த்தைக்கு அர்த்தம் கேக்கப்படாதுங்க. சொன்னதுக்கப்புறம் என்ன நடக்குதுன்னு பாக்கணும். அதுதான் அர்த்தம்."

இதுதான் அவள் படித்த பள்ளிக்கூடம். மேசைக்குப் பின்னால், கையில் தட்டோடு, சுவரோடு சுவராக நிற்பாள். விருந்தாளிகள் பேசுவார்கள். பேச்சு புரியாது. அதனால் முகத்தையும் கையையும் காலையும் பார்ப்பாள். ஒரு வார்த்தை வந்து விழுந்ததும் யார் எழுந்தார்கள், யார் கோப்பையை நகர்த்தினார்கள், யார் நாயைத் தடவ ஆரம்பித்தார்கள் என்று பார்த்து வைத்துக்கொள்வாள். ஒரு தடவை பார்த்து நம்பமாட்டாள். அடுத்த விருந்திலும் அதே வார்த்தைக்கு அதே காரியம் நடந்தால்தான் அது அவள் கணக்கில் சேரும்.

"வீ மஸ்ட் பி கோயிங்னு சொல்லுவாங்க மதினி. போகப்போறோம்னு அர்த்தம்பாரு அண்ணே. போவாங்கன்னா நெனைக்கிறீங்க? நாற்காலிய விட்டு அசைய மாட்டாங்க. அதக் கேட்டதும் நான் வெரசாப் போயி கெட்டிலத் திரும்ப அடுப்புல வச்சிருவேன். துரைசாணிக்கு அதுல பெரிய சந்தோசம். என்னப் பாத்து தேங்க் யூம்பாங்க."

'ஹவ் இண்ட்ரஸ்டிங்' என்றால் பேச்சு பிடிக்கவில்லை, சீக்கிரம் கேக்கைக் கொண்டுவா. 'தேங்க் யூ'வில் இரண்டு சாதி. நம்மைப் பார்த்துச் சொன்னால் நன்றி, பார்க்காமல் சொன்னால் போய்த்தொலை. 'தட் வில் டூ' என்றால் அதற்குப் பிறகு அந்த அறையில் யாரும் பேசக்கூடாது. இந்தக் கடைசி வார்த்தையை அவள் தன் புருஷனிடம் உபயோகித்துக்கொண்டிருந்தாள். எனக்கும் பழக்கிவிட்டாள். என் வீட்டுக்காரர் சாப்பாட்டில் உப்பு புளி என்று ஆரம்பித்தால் நான், "தட் வில் டூ" என்பேன். மனிதர் வாயடைத்துப்போவார்.

ஒருநாள் நான் கேட்டேன். "ஏன் மதினி, அப்ப வெள்ளைக்காரங்க ஒண்ணுகூட நெசமாச் சொல்லமாட்டாங்களா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "சொல்லுவாங்க. துரை சுடுதண்ணியக் கால்ல ஊத்திக்கிட்டப்ப டேமிட்னு கத்துனாரு. அது நெசம்."

அவள் கணக்கு தப்பாமலும் இல்லை. அந்த வீட்டுத் துரை தன் மனைவியை 'மை டியர்' என்று கூப்பிடுவார். அமைதியாக, ஒவ்வொரு எழுத்தாக. கூப்பிட்டதும் துரைசாணியின் கழுத்து சிவந்துவிடும், அடுத்தாற்போல ஒரு பெரிய சண்டை வரும். வருஷக்கணக்காக இதைப் பார்த்தவள் அவள். ஒரு சீசனில் புதிதாக வந்த பாதிரியாரின் மனைவி, முற்றத்தில் நின்ற இவள் மகளுக்கு சாக்லேட் நீட்டி, "ஹியர், மை டியர்" என்றிருக்கிறாள். இவள் சமையலறையிலிருந்து பாய்ந்து வந்து பிள்ளையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்க் கரிக்கூடைக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டாள். பிள்ளை சாக்லேட்டுக்கு அழுகிறது. பாதிரியாரம்மாள் கையை நீட்டியபடி நிற்கிறாள். இவளோ, "கோவிச்சுக்காதீங்கம்மா, சின்னப்புள்ள" என்று தமிழில் கும்பிடுகிறாள்.

இதை அவள் கடையில் வந்து சொன்னபோது நானும் என் வீட்டுக்காரரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். அது பிரியமான வார்த்தை, 'என் கண்ணே' மாதிரி என்று அவர் விளக்கினார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"அந்த வீட்டுல அது பிரியமில்லண்ணே" என்றாள். அதோடு மூட்டையிலிருந்து எழுந்து போய்விட்டாள். அவள் போன பிறகு நாங்களும் சிரிக்கவில்லை.

துரையும் துரைசாணியும் சீமைக்குக் கிளம்பப்போகிறார்கள், பங்களாவை விற்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்ததும் அவளிடம் முதலில் மாறியது வாய்தான். பேச்சு குறைந்துவிட்டது. கடைக்கு வருவாள், மூட்டையில் உட்காருவாள், கூக்கால் கிராமத்திலிருந்து குதிரைப் பொதியில் வந்த பூண்டை என்னோடு சேர்ந்து ஆய்ந்து கொடுப்பாள், போய்விடுவாள்.

"அவுட்ஹவுச மட்டும் எங்களுக்கு விட்டுட்டா போதும் மதினி" என்று ஒருநாள் சொன்னாள். "வாங்குறவங்களுக்கும் தோட்டத்துக்கு ஆளு வேணும்ல. நாங்க இங்கயே கெடந்துக்குவோம். ஊருக்குப் போனா அவரு மண்ணு வெட்டணும். வெட்டுனா அந்த மூச்சு எத்தன நாளைக்குத் தாங்கும், சொல்லுங்க."

"துரைசாணிகிட்டக் கேளுங்களேன். வாங்குறவங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லி வச்சா ஆச்சு. உங்களுக்குத்தான் அம்புட்டு இங்கிலீஷ் தெரியுமே" என்றேன்.

அவள் பூண்டை ஆய்வதை நிறுத்தினாள். "அந்த வீட்டுல நான் ஒண்ணும் கேட்டதே இல்ல மதினி. அவங்க கேப்பாங்க, நான் குடுப்பேன். கேக்குற வார்த்த எனக்கு எங்கருந்து வரும்?"

நான் இதை நினைத்துப் பார்த்ததே இல்லை. அவளிடம் இருந்த இங்கிலீஷ் முழுவதும் கேட்டு நடக்கவும் அடுத்து என்ன நடக்கும் என்று ஊகிக்கவும் ஆனது. அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் யாரும் ஒருவரிடம் ஒருவர் இருக்க இடம் கேட்டிருக்க மாட்டார்கள். தமிழில் கேட்கலாம் என்றால், துரைசாணிக்குத் தெரிந்த தமிழ் அடுப்படியோடு சரி. வெந்நீர், விறகு, போ, வா.

என் வீட்டுக்காரர்தான் ஒரு வாக்கியம் அமைத்துக் கொடுத்தார். கேலியெல்லாம் மறந்து அவள் அவருக்கு முன்னால் கையைக் கட்டி நின்று அதைப் பாடம் செய்தாள். "ப்ளீஸ் மேடம், லெட் அஸ் ஸ்டே இன் தி அவுட்ஹவுஸ்." பாத்திரம் கழுவும்போதும் சொன்னாளாம், அவரைக்காய் பறிக்கும்போதும் சொன்னாளாம். கடைக்கு வந்தால் வணக்கம்போல அதையே சொல்லிக்கொண்டு நுழைவாள். இருந்தும் கேட்கிற தைரியம் வர வெகுநாள் ஆயிற்று. பெட்டிகளில் சாமான் அடுக்க ஆரம்பித்த பிறகுதான் கேட்டாள்.

கேட்ட அன்று மத்தியானம் புருஷன் கடைக்கு ஓடிவந்தார். ஓடியதில் இழுப்பு வந்து பேச முடியவில்லை, ஆனால் முகமெல்லாம் சிரிப்பு. துரைசாணி இவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார்களாம். ஏதோ நீளமாகச் சொன்னார்களாம். பின்னாலேயே இவள் மகளோடு வந்தாள். துரைசாணி சொன்னதை ஒரு எழுத்து பிசகாமல் சொன்னாள். "வீ ஷல் டூ எவ்ரிதிங் வீ பாஸிப்ளி கேன்."

"எங்களால முடிஞ்சதெல்லாம் செய்வோம்னு அர்த்தம்!" என்றார் என் வீட்டுக்காரர். ஜாடியைத் திறந்து அவருக்கும் பிள்ளைக்கும் கற்கண்டு அள்ளிக் கொடுத்தார். புருஷன் அதை வாயில் போட்டுக்கொண்டு, அடுத்த போகத்துக்குச் சாய்ப்புக்குக் கிழக்கே புதுப்பாத்தி வெட்டப்போவதாகச் சொன்னார். வெள்ளனே எழுந்தால் மூச்சு முட்டாமல் வெட்டிவிடலாம் என்றார்.

புருஷனும் பிள்ளையும் போகட்டும் என்று காத்திருந்தவள்போல அவள் மூட்டையில் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன மதினி, கற்கண்டு வேண்டாமா?" என்றேன்.

"இந்த வார்த்தய நான் முன்னாடியே கேட்டிருக்கேன் மதினி" என்றாள். "வண்ணான் மகனுக்கு வேல கேட்டு வந்தப்ப சொன்னாங்க. டிரைவரு பொஞ்சாதிக்கு ஆஸ்பத்திரியில ஒரு எடம் கேட்டு வந்தப்பவும் சொன்னாங்க. அதச் சொன்னதுக்கப்புறம் அந்த வீட்டுல ஒண்ணும் நடந்து நான் பாத்ததில்ல."

"அழுதாங்கன்னு சொன்னாரே உங்க வீட்டுக்காரரு?"

"அழுதது நெசம் மதினி. பொய்யாச் சொல்ல மாட்டாங்க, நல்லவங்க. டிரைவரு பொஞ்சாதிக்கும் அழுதாங்க."

"அப்ப அவருகிட்டச் சொல்ல வேண்டியதுதான?"

"என்னன்னு சொல்ல? பாத்தி வெட்டப்போறேன்னு நிக்கிறாரு."

அவள் சொல்லவில்லை. அவர் பாத்தி வெட்டினார். அவள் வேலைக்கு நடுவில் வெளியே வந்து அவர் வெட்டிய மண்ணைக் கையால் உடைத்துக் கொடுத்துவிட்டுப் போவாளாம். நான் ஒருநாள் கடன்காரி மாதிரி அவள் பின்னாலேயே போய் அந்த இடத்தைப் பார்த்தேன். நல்ல கறுப்பு மண். ஒரு கல் இல்லாமல் பொறுக்கியிருந்தார் அந்த மனிதர். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அந்தத் துரைசாணியின் மேல் கோபப்படலாம் என்று பார்த்தேன், அதற்கும் வழியில்லாமல் அந்தம்மாள் அழுதுவைத்திருக்கிறாள்.

கொடைரோடு ரயிலுக்குக் கார் வந்த அன்று, துரைசாணி ஒரு கம்பளிக் கோட்டையும் டீ கோப்பைகளையும் இவளுக்குக் கொடுத்தார்கள். "வெரி கைண்ட் ஆஃப் யூ, மேடம்" என்று இவள் சொன்னாள். அது அந்த இடத்துக்குப் பொருந்தும் வார்த்தை என்பது அவளுக்குத் தெரியும். கார் வளைவில் திரும்பும் வரை கையை ஆட்டிக்கொண்டு நின்றாள். அவுட்ஹவுஸைப் பற்றி யாரும் யாரிடமும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

பங்களாவை வாங்கியவர் மதுரையில் ஜவுளி வியாபாரி. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் கெட்டவர் இல்லை. அடித்து விரட்டவில்லை, ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. சீசனுக்கு முன்னால் ஊரிலிருந்து தனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தைக் காவலுக்கும் சமையலுக்கும் அனுப்பிவைத்தார், அவ்வளவுதான். அவர்கள் வந்து இறங்கியபோது சாய்ப்பில் இரண்டு குடும்பத்துக்கு இடமில்லை. மதினி தன் சாமான்களைத் தலையில் தூக்கிக்கொண்டு பேத்துப்பாறைக்கு இறங்கினாள். புதுப்பாத்தியில் பூண்டு ஒரு சாண் உயரம் வந்திருந்தது. புருஷன் ஊரில் கூலிக்குப் போனார். அடுத்த மழைக்காலம் வரைக்கும்தான் போனார். அதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் எனக்கு மறக்காமல் நிற்பது, துரையும் துரைசாணியும் போன பிறகு அந்த வியாபாரி பங்களாவைப் பார்க்க முதன்முதலில் வந்த நாள். காலையிலேயே அவள் கடைக்கு வந்து என்னைக் கூப்பிட்டாள்.

"கூட வாங்க மதினி. நம்ம ஆளுதான், நம்ம பேச்சுதான். இவருகிட்டக் கேக்க எனக்கு என்ன பயம்? சும்மா பக்கத்துல நில்லுங்க, போதும்."

பல நாளைக்குப் பிறகு அவள் முகம் தெளிவாக இருந்தது. தலையை வாரிப் பூ வைத்திருந்தாள். போகிற வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். யாரிடமும் வாக்கியம் வாங்கிப் பாடம் செய்ய வேண்டியதில்லை, மனசில் இருப்பதை அப்படியே சொல்லிவிடலாம் என்பதே அவளுக்குப் பாதி கிடைத்த மாதிரி இருந்தது.

அவள் கேட்டது நன்றாகவே இருந்தது. கலியாணமாகி வந்து ஏறிய வீடு இது, மகள் பிறந்தது இங்கே, அவருக்கு மூச்சு இழுப்பு, வாடகையாக என்ன வேலை வேண்டுமானாலும் செய்கிறோம், இந்தச் சாய்ப்பில் இருந்துகொள்கிறோம் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். அழவில்லை. கெஞ்சவுமில்லை. வியாபாரி குறுக்கே பேசாமல் தலையாட்டிக் கேட்டார். பிறகு பிளம்ஸ் மரத்தை அண்ணாந்து பார்த்தபடி, "அதனால என்னம்மா, பாத்துக்கலாம். நீங்களும் எங்க வீட்டு ஆளுங்க மாதிரிதான்" என்றார். சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நாங்கள் கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்தோம். கொஞ்ச தூரம் நடந்ததும் அவள் நின்று, என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"மதினி, பாத்துக்கலாம்னு சொன்னாரே. அப்படின்னா என்ன?"

நான் பங்களா கேட்டைத் திரும்பிப் பார்த்தேன்.

"வெள்ளைக்காரங்க பேச்சா இருந்தா நானே சொல்லிருவேன்" என்றாள். "இது நம்ம பேச்சால்ல இருக்கு. நம்ம பேச்ச நான் இப்படிப் பாத்ததே இல்லையே. நீங்க பழனியில எத்தன பேரோட பேசிப் பழகுனவங்க. சொல்லுங்க மதினி. செய்வாரா, மாட்டாரா?"

பிறந்ததிலிருந்து நான் பேசிவந்த பாஷை அது. அதில் இல்லாத வார்த்தையா? செய்வார் என்று சொல்ல எனக்கு நம்பிக்கை இல்லை. மாட்டார் என்று சொல்ல அவள் தலையில் இருந்த பூ விடவில்லை. அவள் கையைத் தட்டிக்கொடுத்தேன். தட்டிக்கொடுத்தபடியே, என்னை அறியாமல், "கவலப்படாதீங்க மதினி, பாத்துக்கலாம்" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, தட்டிக்கொண்டிருந்த என் கையைப் பார்த்தாள்.